கீரிப்பூச்சி: எந்த மருந்து என்பதைவிட யாருக்கு, எத்தனை முறை என்பதே பெரிய கேள்வி

குழந்தை தூங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். நெளிய ஆரம்பிக்கும். அரைத்தூக்கத்திலேயே கை பின்பக்கம் போகும், சொறியும், சிணுங்கும், மறுபடி தூங்கிவிடும். காலையில் காரணமில்லாத எரிச்சலோடு எழும். இப்படி மூன்று நான்கு இரவு போன பிறகுதான் டார்ச் அடித்துப் பார்க்கத் தோன்றும். ஆசனவாய் ஓரத்தில் வெள்ளை நூல் துண்டு போல ஒன்று அசையும். பார்த்தவுடன் அடிவயிறு புரளும். அடுத்த நிமிடமே கைப்பேசியை எடுத்துத் தேடுவோம்: கீரிப்பூச்சிக்கு எந்த மருந்து நல்லது?

நானும் அப்படித்தான் தேடினேன். எங்கள் வீட்டில் இது இரண்டு முறை வந்தது. முதல் முறை, அரிப்பு இருந்த பிள்ளைக்கு மட்டும், ஒரே ஒரு மாத்திரை. நன்றாகக் கேட்டது. ஐந்தாவது வாரம் திரும்பி வந்தது, இந்தத் தடவை இரண்டு பிள்ளைகளுக்கும். மருந்து சரியில்லை என்று நினைத்தோம். மருந்தில் குறையே இல்லை. அதை யாருக்குக் கொடுத்தோம், எத்தனை முறை கொடுத்தோம் என்பதில்தான் கோட்டை விட்டோம்.

இந்த விஷயத்தில் எடுக்க வேண்டிய முடிவுகள் நாலைந்து இருக்கின்றன. அதில் எதற்கு எவ்வளவு யோசிக்க வேண்டும் என்பதையே நாம் தலைகீழாகச் செய்கிறோம் என்பது என் எண்ணம். அதனால் ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் புழுவின் நடமாட்டம் தெரிய வேண்டும். எந்த வழி சரி என்பதை அதை வைத்துத்தான் எடை போட முடியும். கீரிப்பூச்சியின் அறிவியல் பெயர் என்டரோபியஸ் வெர்மிகுலாரிஸ். ஊசிப்புழு, நூல்புழு என்றும் சொல்கிறார்கள். பெண் புழு 8 முதல் 13 மில்லிமீட்டர் நீளம். ஆண் அதில் பாதிகூட இருக்காது. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் வாழ்கின்றன. முட்டை நிறைந்த பெண் புழு இரவில் இறங்கி வந்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் 10,000 முட்டை வரைக்கும் இட்டுவிட்டுச் செத்துப்போகும். அந்த நேரத்து அரிப்புதான் குழந்தையை எழுப்புவது. சொறிந்த நகத்துக்குள் முட்டைகள் ஏறிக்கொள்ளும். இட்ட 4 முதல் 6 மணி நேரத்துக்குள் அவை தொற்றத் தயாராகிவிடும். அதாவது இரவில் இட்ட முட்டை, காலையில் குழந்தை விரலை வாயில் வைக்கும்போது தயார். விழுங்கிய முட்டை பொரிந்து, வளர்ந்து, அது முட்டையிடும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு மாதம்.

இதற்கு மண் தேவையில்லை, ஈரம் தேவையில்லை, இடையில் வேறு உயிரினமும் தேவையில்லை. மனிதர்களுக்குள் மட்டுமே வாழும் புழு இது. வீட்டில் நாய், பூனை இருந்தால் அவற்றைச் சந்தேகப்பட வேண்டாம், அவற்றுக்கு இதற்காக மருந்து கொடுக்கவும் வேண்டாம்.

உறுதி செய்துகொள்வதா, நேரே மருந்துக்குப் போவதா

புழுவைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால் பரிசோதனை தேவையில்லை. அதுவே போதும். அரிப்பு மட்டும் இருக்கிறது, புழு தென்படவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

பலருக்கும் முதலில் தோன்றுவது மலப் பரிசோதனை. மற்ற குடல்புழுக்களுக்கு அது சரி, இதற்குச் சரிவராது. இந்தப் புழு முட்டையைக் குடலுக்குள் இடுவதில்லை, வெளியே தோலில் இடுகிறது. அதனால் தொற்று இருப்பவர்களிலேயே 5 முதல் 15 சதவீதம் பேருக்குத்தான் மலத்தில் முட்டை அகப்படும். 'மலத்தில் ஒன்றும் இல்லை' என்ற சீட்டை நம்பி, பூச்சி இல்லை என்று விட்டுவிடக் கூடாது. இரத்தப் பரிசோதனையும் பெரிதாக உதவாது. மற்ற சில புழுக்களுக்கு ஏறுகிற ஈசினோபில் என்னும் வெள்ளை அணுக்கள் இதற்குப் பெரும்பாலும் ஏறுவதில்லை.

உதவுவது செலோ டேப் சோதனை. 1941-இல் கிரஹாம் என்பவர் அறிமுகப்படுத்தியது, இன்றும் இதை மிஞ்ச எளிய வழி வரவில்லை. குழந்தை காலையில் எழுந்தவுடன், கழிப்பறை போவதற்கும் கழுவுவதற்கும் முன்னால், ஒளி ஊடுருவும் டேப்பின் பசைப் பக்கத்தை ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் அழுத்தி எடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் முட்டைகள் தெரியும். ஒரு நாள் எடுத்தால் பாதிப் பேருக்குத்தான் பிடிபடும். அடுத்தடுத்து மூன்று காலை எடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்குப் பிடிபடும். எடுத்தவர் கையை உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

சோதிக்காமல் மருந்து கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். முதல் தடவை, இரவில் மட்டும் அரிப்பு, பள்ளிக்குப் போகிற வயது என்றால் பல மருத்துவர்கள் அப்படித்தான் செய்வார்கள், அதில் தவறில்லை. ஆனால் இரண்டாவது, மூன்றாவது முறை என்றால் நான் டேப் சோதனையைத்தான் தேர்ந்தெடுப்பேன். கரப்பான் என்னும் தோல் அழற்சி, பூஞ்சை, பாக்டீரியாத் தொற்று, பெரியவர்களுக்கு மூலம் என்று அந்த இடத்தில் அரிக்கப் பல காரணங்கள் உண்டு. பூச்சி இல்லாத குழந்தைக்குப் பூச்சி மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் அந்த அரிப்பு ஒருநாளும் போகாது.

இன்னொன்று: பெண் குழந்தைகளுக்கு இந்தப் புழு முன்பக்கம் நகர்ந்துவிடுவது உண்டு. பிறப்புறுப்பில் அரிப்பு, சிவப்பு, வெள்ளைப்படுதல், சிறுநீர் எரிச்சல் என்று அலைய வைக்கும். கூடவே இரவில் பின்பக்கம் அரிப்பும் இருந்தால் மருத்துவரிடம் பூச்சியைப் பற்றியும் கேளுங்கள்.

மருந்துகளுக்குள் எது

இங்கேதான் எல்லோரும் தயங்கி நிற்கிறார்கள். நியாயமாகப் பார்த்தால் இதுதான் இருப்பதிலேயே எளிதான முடிவு.

வழக்கத்தில் இருப்பவை மூன்று. மெபெண்டசோல் 100 மில்லிகிராம் ஒரு வேளை. இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு வேளை. மிகச் சிறிய குழந்தைகளுக்குப் பாதி. பைரன்டெல் பாமோயேட்டை எடையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்: கிலோவுக்கு 11 மில்லிகிராம், எவ்வளவு எடை இருந்தாலும் மொத்தம் 1 கிராமுக்கு மேல் இல்லை. 15 கிலோ குழந்தைக்கு 165 மில்லிகிராம் வரும். மூன்றையும் இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

முதல் இரண்டும் ஒரே குடும்பத்து மருந்துகள். புழுவின் உயிரணுக்களில் உள்ள நுண்குழாய்களைக் கட்ட விடாமல் செய்து, சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் பட்டினி போட்டுக் கொல்கின்றன. அதற்குச் சில நாள் பிடிக்கும். பைரன்டெல் வேறு வழி: புழுவின் தசையை இறுக வைத்து முடக்கிவிடும், பிடி விட்ட புழு மலத்தோடு வெளியேறும். மூன்றுமே குடலிலிருந்து இரத்தத்துக்குக் குறைவாகத்தான் போகும். அதனால்தான் பக்க விளைவு என்று பார்த்தால் பெரும்பாலும் லேசான வயிற்றுவலி, குமட்டல், வயிற்றுப்போக்கோடு முடிந்துவிடும்.

சரியாகக் கொடுத்தால் மூன்றும் நன்றாகவே கேட்கும். உங்கள் ஊரில் எது கிடைக்கிறதோ, உங்கள் மருத்துவர் எதை எழுதுகிறாரோ அதை எடுத்துக்கொள்ளலாம். மாத்திரை விழுங்காத குழந்தைக்கு திரவ மருந்து வசதி, அவ்வளவுதான். கவனிக்க வேண்டிய விதிவிலக்குகளை மட்டும் சொல்லிவிடுகிறேன். கல்லீரல் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும். மெட்ரோனிடசோல் என்னும் கிருமிக்கொல்லி மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் மெபெண்டசோலைச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. அரிதாக மிகக் கடுமையான தோல் எதிர்வினை வரலாம். வலிப்பு வந்த வரலாறு இருந்தால் அல்பெண்டசோலுக்கு முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மூளையில் நாடாப்புழுக் கட்டி தெரியாமல் இருந்தால் இந்த மருந்து அதைக் கிளறிவிடக் கூடும். கர்ப்பிணிகள் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

ஒருவருக்கா எல்லோருக்குமா, ஒரு முறையா இரண்டு முறையா

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

இந்த மருந்துகள் வளர்ந்த புழுவைக் கொல்கின்றன. முட்டையை நம்பும்படியாகக் கொல்வதில்லை. அப்போதுதான் பொரிந்த குஞ்சுப் புழுக்களும் தப்பிவிடலாம். ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு குழந்தை மருந்து சாப்பிடுகிறது. குடலில் இருந்த புழுக்கள் போய்விட்டன. நான்கைந்து நாளில் அரிப்பு நின்றுவிட்டது. ஆனால் திங்கட்கிழமை காலை, நகத்தில் ஒட்டியிருந்த பழைய முட்டை ஒன்று வாய்க்குள் போயிருக்கிறது. இரண்டாவது வாரம் அது பாதி வளர்ந்த புழு. அரிப்பு இல்லை, அடையாளம் இல்லை, குழந்தை நன்றாகத் தூங்குகிறது. நான்காவது ஐந்தாவது வாரம் அது முழுப் புழுவாகி, ஓர் இரவில் வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. வீட்டில் என்ன பேசிக்கொள்வார்கள்? 'அந்த மருந்து கேட்கவில்லை, வேறு மருந்து மாற்றிப் பார்க்கலாம்.' மாற்றுவார்கள், மறுபடி ஒரே ஒரு டோஸ். அடுத்த மாதம் இதே பேச்சு.

14-ஆவது நாள் இரண்டாவது டோஸ் அந்தப் பாதி வளர்ந்த புழுவைப் பிடிக்கும், அது முட்டையிடும் முன்பே. இரண்டு வாரம் என்ற கணக்கு வந்தது இதனால்தான். இரண்டாவது டோஸ் கொடுக்கும் நாளில் குழந்தைக்கு ஒரு தொந்தரவும் இருக்காது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஏன் மருந்து என்று தள்ளிப்போடுவோம், பிறகு மறந்துபோவோம். நாங்கள் முதல் முறை செய்தது அதேதான்.

இனி, யாருக்கு என்பது. அரிப்பு உள்ளவருக்கு மட்டும் கொடுப்பது சிக்கனமாகவும் நியாயமாகவும் தோன்றும். ஆனால் தொற்று உள்ளவர்களில் நிறையப் பேருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை, முக்கியமாகப் பெரியவர்களுக்கு. 'எனக்கு ஒன்றும் இல்லையே' என்று அப்பா ஒதுங்கினால், அவர் மூலமாகவே முட்டைகள் வீட்டில் சுற்றும். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் முதல் டோஸ், ஒரே நாளில் இரண்டாவது டோஸ் எடுப்பதுதான் பலன் தரும் வழி. ஆளுக்கொரு நாள் சாப்பிட்டால் முதலில் சாப்பிட்டவருக்கு, இன்னும் சாப்பிடாதவரிடமிருந்து திரும்ப வர வாய்ப்பு உண்டு. தினமும் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும், ஒரே அறையில் தூங்கும் உறவுக்காரப் பிள்ளையையும் கணக்கில் சேருங்கள்.

எல்லோருக்கும் மருந்து என்றால் தேவையில்லாதவர் சிலரும் சாப்பிடத்தான் வேண்டியிருக்கும். அது உண்மையான குறைதான். குறைவாக உறிஞ்சப்படும், ஒரு வேளை மருந்து என்பதால் அந்தக் குறையை நான் ஏற்றுக்கொள்கிறேன். மாதா மாதம் ஒரு குழந்தை தூக்கம் கெடுவது அதைவிடப் பெரிய விலை.

இங்கே அடிக்கடி வரும் ஒரு கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்களே, அது போதாதா? உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அந்த வகைத் திட்டங்கள் மண் வழியாகப் பரவும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றுக்கானவை. அதே மாத்திரைதான், கீரிப்பூச்சியையும் அன்றைக்குக் கொல்லும். ஆனால் இரண்டு வாரம் கழித்து மறு டோஸ் இல்லை, வீட்டில் உள்ளவர்களுக்கும் இல்லை. ஆகவே அதை வைத்துக் கீரிப்பூச்சி போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மருந்தா, சுத்தம் மட்டுமா

கோட்பாட்டளவில் மருந்தே இல்லாமல் இதை ஒழிக்கலாம். புழுவுக்கு ஆயுள் ஒன்றரை இரண்டு மாதம்தான். புது முட்டை ஒன்றுகூட வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் உள்ளே இருப்பவை தாமாகவே முடிந்துபோகும். மருந்தோடு சேர்த்தால் இரண்டு வாரம் கடைப்பிடிக்க வேண்டிய சுத்த முறைகளை, மருந்தில்லாமல் ஆறு வாரம் ஒரு நாள்கூட விடாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

விரல் சூப்பும் நாலு வயதுக் குழந்தை உள்ள வீட்டில் ஆறு வாரம் என்பது எனக்கு நம்பிக்கை தரவில்லை. மருந்து எடுக்க முடிந்தவர்கள் மருந்தை எடுப்பதே நல்லது. சுத்தம் மட்டும் என்பது மருந்து எடுக்கக் கூடாதவர்களுக்கான வழி: பச்சைக்குழந்தைகள், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவர்கள். கர்ப்பிணிக்குத் தொந்தரவு தாங்க முடியாத அளவில் இருந்தால்தான் மருத்துவர்கள் மருந்தை யோசிப்பார்கள், அதையும் கூடுமானவரை கடைசி மூன்று மாதத்துக்குத் தள்ளுவார்கள். பாலூட்டும் தாய்மார்களும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

அதற்காக மருந்து மட்டும் போதும் என்பதும் இல்லை. முட்டைகள் வீட்டுக்குள் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும். மருந்து குடலைத்தான் சுத்தம் செய்யும், படுக்கையை அல்ல.

ஆனால் எவ்வளவு சுத்தம்? முதல் முறை நாங்கள் பொம்மை, திரைச்சீலை, தரைவிரிப்பு என்று ஒன்று விடாமல் ஒரே நாளில் துவைத்துக் களைத்துப்போனோம், மூன்றாம் நாளிலிருந்து ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் பெருஞ்சுத்தத்தைவிடப் பதினான்கு நாள் சிறு சுத்தம் மேல். அதிலும் முதலிடம் காலைக் குளியலுக்கு. இரவில் இட்ட முட்டைகள் தோலில் இருக்கும்போதே, எழுந்தவுடன் கழுவிவிட்டால் மீதி வேலை பாதியாகக் குறையும். தொட்டியில் உட்கார்ந்து குளிப்பதைவிட ஓடும் நீரில் கழுவுவது நல்லது. இரவில் இறுக்கமான ஜட்டி போட்டுத் தூங்க வைத்து, காலையில் உடனே மாற்றிவிட வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டவும். சாப்பிடும் முன்பும் கழிப்பறை போய் வந்த பின்பும் நகத்தடியைத் தேய்த்து சோப்பால் கழுவவும். சானிடைசர் தடவினால் போதும் என்று நினைக்க வேண்டாம். முட்டையைக் கையிலிருந்து அகற்றுவதுதான் வேலை, அதைச் செய்வது தேய்ப்பும் தண்ணீரும்.

மருந்து சாப்பிட்ட மறுநாள் காலை படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு, உள்ளாடை எல்லாவற்றையும் சூடான தண்ணீரில் துவைத்து நன்றாகக் காய வைக்கவும். எடுக்கும்போது உதறக் கூடாது. முட்டைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை, உதறினால் காற்றில் பறந்து தரையிலும் மேசையிலும் படியும். வெயில் அவற்றுக்கு ஆகாது, ஆகவே பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். பல் துலக்கும் பிரஷ்ஷைப் பயன்படுத்தும் முன் அலசுங்கள். கிருமிநாசினி வாங்கிச் செலவு செய்ய வேண்டாம், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியை வெந்நீரில் அலசினாலே போதும்.

வெளியே சொல்வதா, மறைப்பதா

இதையும் ஒரு முடிவாகவே சேர்க்கிறேன், ஏனென்றால் மறைப்பதால்தான் பல வீடுகளில் இது மாதக்கணக்கில் இழுக்கிறது. பூச்சி இருந்தால் அழுக்கான வீடு என்ற எண்ணம் நமக்குள் ஊறிக்கிடக்கிறது. வசதியான வீடு, வசதியில்லாத வீடு என்று இந்தப் புழு பார்ப்பதில்லை. பிள்ளைகள் ஒன்றாக விளையாடும் இடம் போதும் அதற்கு. அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஒரு குகையில் கிடைத்த, ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழைய மனித மலத்தில் இதன் முட்டை இருந்ததை 1969-இல் வெளியிட்டார்கள். அத்தனை காலமாக மனிதனோடு வருகிறது.

குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அடிக்கடி ஒன்றாகத் தூங்கும், விளையாடும் பிள்ளைகளின் பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது. இரண்டு வீடும் ஒரே வாரத்தில் மருந்து எடுத்தால் இரண்டுக்கும் நிம்மதி. குழந்தையிடம் பேசும்போதும் குரலில் அருவருப்பு வேண்டாம். திட்டு வாங்கிய குழந்தை அடுத்த முறை அரிப்பைச் சொல்லாது.

இவ்வளவும் செய்து மறுபடி வந்தால்? பெரும்பாலும் அது மறுதொற்றுதான், மருந்து தோற்றதல்ல. மருந்தை மாற்றுவதற்கு முன் யார் விட்டுப்போனார்கள் என்று பாருங்கள். உண்மையாகவே திரும்பத் திரும்ப வரும் குடும்பங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீதம் சில மாதங்கள் தொடர்ந்து மருந்து கொடுக்கும் முறையும் இருக்கிறது, அதை மருத்துவர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

மருந்து சாப்பிட்ட பிறகும் ஒரு வாரம் போல அரிப்பு நீடிக்கலாம், பயப்பட வேண்டாம். முதல் டோஸ் வாங்கும்போதே எல்லோருக்குமான இரண்டாவது டோஸையும் சேர்த்து வாங்கி, 14-ஆவது நாளை நாள்காட்டியில் வட்டமிட்டுவிடுங்கள். அந்த டோஸும் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்தும் குழந்தை இரவில் நெளிந்தால், காலையில் கழுவும் முன் டேப்பை எடுங்கள், மூன்று நாள்.